வாழைப்பூவின் துவர்ப்பும் கறுப்பும்: ஆய்வது முதல் அரிவாள்மனையைக் கழுவுவது வரை

திருவையாற்றுக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் இடையே, காவிரியும் குடமுருட்டியும் அணைத்துக்கொண்டிருக்கும் நிலங்களில் வாழை நிற்காத ஊர் அரிது. தார் தள்ளி, கடைசிச் சீப்பும் விரிந்து முடிந்த பிறகு, தாரின் நுனியில் கருஞ்சிவப்பாகத் தொங்கும் பூவை ஒடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை ஒடிக்காமல் விட்டால் அது நாள்தோறும் ஒரு மடலை விரித்து உதிர்த்துக்கொண்டே போகும். அதற்குச் செலவாகும் சத்து தாருக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆகவே பூ என்பது உழவருக்கு இடையில் கிடைக்கும் வரவு. ஆனாலும், கறிகாய்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பூவை வாங்கத் தயங்கும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. ஆய நேரமில்லை, கை கறுத்துவிடுகிறது, சமைத்தால் துவர்க்கிறது, நிறம் மண்போல் ஆகிவிடுகிறது என்று நான்கு காரணங்களைச் சொல்கிறார்கள். முதலாவதைத் தவிர்த்த மூன்றும் வேதியியல் சார்ந்தவை. காரணம் தெரிந்துவிட்டால் மூன்றுக்கும் வழியுண்டு என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாயி வாழைப்பூ ஆய உட்காரும்போது நான்கு பொருட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்: கொஞ்சம் நல்லெண்ணெய், ஒரு கல்சட்டி நிறையப் புளித்த மோர் கலந்த நீர், கல் உப்பு, ஒரு பழைய துணி. எதற்கு இவை என்று கேட்டால், எப்போதும் செய்வது என்பதுதான் விடையாக வரும். பல ஆண்டுகள் கழித்து, தாவர வேதியியலைப் படித்த பிறகுதான், அந்த நான்கில் ஒன்றுகூடத் தேவையற்றது அன்று என்பது எனக்கு விளங்கியது.

துவர்ப்பும் கறுப்பும் இருவேறு குறைகள்

இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இரண்டும் ஃபீனால் வகைப் பொருட்களிலிருந்தே தோன்றுகின்றன என்றாலும், தோன்றும் வழியும் தீரும் வழியும் வேறு.

துவர்ப்பைத் தருபவை டானின்கள். இவை புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. நம் உமிழ்நீரில், நாவை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உள்ளன. டானின் வாய்க்குள் வந்ததும் அந்தப் புரதங்களோடு சேர்ந்து திரிந்துவிடுவதால் வழுவழுப்புப் போய், நாக்கு உலர்ந்து இழுத்துப்பிடிப்பதுபோல் தோன்றுகிறது. கசப்பைப் போலவோ இனிப்பைப் போலவோ சுவை மொட்டுகள் மட்டும் அறியும் சுவையாகத் துவர்ப்பைச் சொல்ல முடியாது. அதில் தொடு உணர்வின் பங்கு பெரிது. வாழைக்காயிலும் இதே டானின்கள் உள்ளன. காய் பழுக்கும்போது அவை ஒன்றோடொன்று இணைந்து நீரில் கரையாத பெரிய மூலக்கூறுகளாகிவிடுவதால் பழம் துவர்ப்பதில்லை. பூவோ பழுக்காத இளம் திசு. அதில் டானின் கரையும் நிலையிலேயே இருக்கிறது. அதை நாம்தான் வெளியேற்றவோ கட்டிப்போடவோ வேண்டும்.

கறுப்பின் கதை வேறு. தாவர உயிரணுவுக்குள் ஃபீனால் பொருட்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி மற்றோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டு அறைச் சுவர்கள் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன; காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. நொதி ஃபீனாலைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன்கள் தமக்குள் பிணைந்து பழுப்பும் கறுப்புமான நிறமிகளாகின்றன. வாழைப்பழத் தோல் கறுப்பதும் இவ்வாறே. அங்கே இந்த நொதி பெரிதும் பயன்படுத்தும் ஃபீனால் டோபமைன். நறுக்கிய கத்தரிக்காயும் ஆப்பிளும் நிறம் மாறுவதும் இதே வினைதான்.

இந்த நொதியின் மையத்தில் தாமிர அணுக்கள் இருக்கின்றன. நடுநிலைக்கு அருகிலான காரகாடித் தன்மையில்தான் (pH) அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆகவே அதை அடக்க நான்கு வழிகள் உள்ளன: காற்றுப் படாமல் நீருக்குள் மூழ்கடிப்பது, புளிப்பைக் கூட்டுவது, தாமிரத்தை மற்றொரு பொருளால் பிடித்துக்கொள்வது, சூட்டினால் நொதியையே சிதைப்பது. எலுமிச்சைச் சாற்றின் சிட்ரிக் அமிலம் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருங்கே செய்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி, உருவான குயினோனை மீண்டும் பழைய ஃபீனாலாகவே திருப்பிவிடுகிறது.

மோர் செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. பூ அதில் மூழ்கியிருப்பதால் காற்றுத் தொடர்பு அறுகிறது. அதிலுள்ள லாக்டிக் அமிலம் நொதியை மந்தப்படுத்துகிறது. பாலின் கேசின் புரதம், நம் உமிழ்நீர்ப் புரதத்துக்கு நேரவிருந்ததைத் தான் ஏற்றுக்கொண்டு, கரைந்து வரும் டானினைப் பற்றிக்கொள்கிறது. கறுப்புக்கும் துவர்ப்புக்கும் ஒரே பாத்திரத்தில் தீர்வு கிடைக்கிறது. எலுமிச்சை நீரில் போட்ட பூ மோரில் போட்டதைவிட வெளுப்பாக இருக்கக்கூடும். ஆனால் துவர்ப்பு சற்று மிஞ்சியிருக்கும், ஏனெனில் எலுமிச்சையில் டானினைப் பிடிக்கப் புரதம் இல்லை. நிறம் முக்கியமென்றால் எலுமிச்சையும், சுவை முக்கியமென்றால் மோரும் என்பது என் தேர்வு.

அரிசி கழுவிய நீரில் போடும் வீடுகளும் உண்டு. அன்று கழுவிய நீரில் புளிப்பு இல்லை. அது காற்றைத் தடுப்பதோடு சரி. முந்தைய நாள் எடுத்து வைத்துப் புளித்த கழுநீர் என்றால் அதில் லாக்டிக் அமிலம் உண்டாகியிருக்கும். மோர் இல்லாத வீட்டில் அது நல்ல மாற்று.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் ஒரே பூவை நறுக்கி, வெறுமனே ஒரு தட்டிலும், வெற்று நீர், உப்பு நீர், எலுமிச்சை நீர், மோர் நீர் ஆகிய நான்கு கிண்ணங்களிலும் சிறிது சிறிதாகப் போட்டு 30 நிமிடம் விட்டுவிடலாம். தட்டில் இருப்பது முதலில் பழுப்பாகும். வெற்று நீரில் இருப்பது தாமதமாக, மிதக்கும் பகுதி மட்டும் முதலில் நிறம் மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நொதி என்றால் என்ன என்று சொல்லித்தர இதைவிடச் செலவில்லாத செய்முறையை நான் அறியேன்.

பூவைத் தேர்ந்தெடுப்பது

மடல்கள் ஒன்றையொன்று இறுகத் தழுவி, நுனி கூராக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் பூவை வாங்குங்கள். காம்பின் வெட்டுவாயில் பால் கசிந்து உலர்ந்த தடம் கறுப்பாக இருப்பது இயல்பு. காம்பே சுருங்கி வற்றியிருந்தால் அது ஒடித்துப் பல நாள் ஆன பூ. மேல் மடல் வாடியிருப்பதைக் கண்டு ஒதுக்க வேண்டாம், உள்ளே இருப்பது அதனால் கெடுவதில்லை. எங்கள் சமையலில் மொந்தன் பூவுக்கும் பூவன் பூவுக்கும் முதலிடம்; துவர்ப்பு மட்டாகவும் பூவிதழ்கள் சதைப்பற்றோடும் இருக்கின்றன. கற்பூரவள்ளிப் பூவையும் சமைக்கிறோம்; அதை மோரில் சற்றுக் கூடுதல் நேரம் வைப்போம். ரகம் தெரியாமல் வாங்கினால் ஒரு சிறு பூவை வாயிலிட்டு மென்று பாருங்கள். நாக்கு எந்த அளவுக்கு இழுக்கிறதோ அந்த அளவுக்கு ஊறும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

உடனே சமைக்காவிட்டால் மடல்களோடு அப்படியே ஒரு துணியில் சுற்றி வையுங்கள். மடல்தான் அதற்கு இயற்கை தந்த உறை. ஆய்ந்து, நறுக்கி, குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சமைப்பது எளிதுபோல் தோன்றினாலும், நொதி குளிரில் மெதுவாகவேனும் வேலை செய்துகொண்டே இருக்கும். முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய நிலை இருந்தால், நறுக்கிய பூவை உப்பும் எலுமிச்சையும் சேர்த்த கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து, மூடிய டப்பாவில் உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். கொதிநீர் நொதியைச் சிதைத்துவிடுவதால் அதன் பிறகு நிறம் மாறுவது மிகக் குறைவு.

ஆய்வது

முதலில் இரு கைகளிலும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வாழையின் பால் எங்கு வெட்டினாலும் கசியும். அதிலுள்ள ஃபீனால்கள் தோலில் ஒட்டி, காற்றுப் பட்டுக் கறுத்து, சில நாட்களுக்குப் போகாத கறையாகின்றன. எண்ணெய்ப் படலம் இருந்தால் பால் தோலைத் தொடுவதற்குமுன் தடுக்கப்படுகிறது. கறை துணியில் பட்டால் இன்னும் மோசம். பட்ட உடனே, காய்வதற்குள், எலுமிச்சைச் சாறு தேய்த்து அலசினால் ஓரளவு தப்பலாம். காய்ந்து கறுத்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே பழைய உடையில் உட்காருவது நல்லது.

ஒரு லிட்டர் நீரில் ஓர் ஆழாக்குப் புளித்த மோரும் ஒரு தேக்கரண்டிக் கல் உப்பும் கலந்து முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உப்பின் குளோரைடும் அந்த நொதியைத் தடுக்கக்கூடியது. பாத்திரம் எவர்சில்வராகவோ மண்சட்டியாகவோ கல்சட்டியாகவோ இருக்கட்டும். அலுமினியத்தில் மோரை நெடுநேரம் வைப்பது நல்லதன்று.

மேல் மடலை விலக்கினால் அதன் அடியில் சீப்புப்போல் இரு வரிசையாகப் பூக்கள் அடுக்கப்பட்டிருக்கும். அந்த வரிசையை அப்படியே அடியோடு எடுத்துக்கொண்டு, நுனிகளை உள்ளங்கையில் தேய்த்தால் ஒவ்வொரு பூவும் விரிந்து கொடுக்கும். நடுவில், தலை தடித்து, தீக்குச்சிபோல் விறைத்து நிற்பதைக் கள்ளன் என்கிறோம். பலர் இதை மகரந்தத் தண்டு என்று எழுதுகிறார்கள், அது சரியன்று. இந்த ஆண் பூக்களில் சூல் வளராமல் நின்றுவிட்டாலும் சூல்தண்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. தலைக்கனத்தோடு நிற்பது அதுதான். மகரந்தத் தாள்கள் அதைச் சுற்றிலும் மெல்லியவையாக இருக்கின்றன. கள்ளன் எவ்வளவு வேகவைத்தாலும் மென்மையாவதில்லை, நாராகப் பல்லில் மாட்டும். ஆகவே அதைக் கிள்ளி எடுக்க வேண்டும். பூவின் அடியில் கண்ணாடித் தாள்போல் ஒளி புகும் சிறு செதில் ஒன்று இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

நேரம் எடுப்பது இந்த வேலைதான். இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை மணியில் முடியும். உள்ளே போகப்போக மடல் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகவும் பிறகு வெண்மையாகவும் மாறும். வெண்மையான மடலுக்கு வந்துவிட்டால் கள்ளன் இன்னும் விறைக்காத பிஞ்சு என்று பொருள்; அதன்பின் எதையும் நீக்காமல் குருத்தை மடலோடு சேர்த்தே நறுக்கலாம்.

நறுக்குவதற்கு எவர்சில்வர்க் கத்தி நல்லது. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால், இரும்பின் அயனிகள் டானினோடு சேர்ந்து நீலங்கலந்த கருநிறச் சேர்மத்தை உண்டாக்குகின்றன. முற்காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து எழுதுமை காய்ச்சினார்களே, அந்த மையின் வேதியியலும் இதுவே. நொதியால் வரும் பழுப்பை மோர் தடுக்கும். இரும்பால் வரும் இந்தக் கருமையை முழுவதும் தடுக்காது. இதே காரணத்தால் இரும்புச் சட்டியில் வாழைப்பூவை வதக்கினாலும் கறி கறுத்துப் போகும். அதை உண்பதால் தீங்கில்லை, பார்வைக்குத்தான் குறை.

நறுக்கியதைக் கையில் குவித்து வைத்திராமல் அவ்வப்போது மோர் நீரில் தள்ளுங்கள். மேலே மிதப்பவற்றை ஒரு சிறு தட்டால் அமுக்கி வையுங்கள். 20 முதல் 30 நிமிடம் போதும். பிறகு இரு கையாலும் அழுத்திப் பிழிந்து எடுத்து, ஒரு முறை நல்ல நீரில் அலசிப் பிழியுங்கள். பிழிந்த நீர் பழுப்பாக வருவதுதான் டானின் வெளியேறுவதற்கு அடையாளம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பு நீரில் நெடுநேரம் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் துவர்ப்பு முற்றிலும் போய்விடும் என்பது உண்மை. கூடவே பொட்டாசியமும், நீரில் கரையும் மற்ற ஃபீனால்களும், பூவின் மணமும் போய்விடும். சிறிது துவர்ப்பு மிஞ்சியிருக்கும் வாழைப்பூதான் வாழைப்பூ என்பது என் எண்ணம்.

அடுப்பில்

பருப்பு உசிலிக்கும் வடைக்கும் கூட்டுக்கும் வாழைப்பூவோடு பருப்பைச் சேர்க்கும் வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மோரில் கேசின் செய்த வேலையை இங்கே பருப்பின் புரதம் தொடர்கிறது. எஞ்சிய டானின் வாய்க்கு வருமுன் பருப்போடு பிணைந்துகொள்கிறது. வாழைப்பூவுக்கு முதல் முறையாகப் பழகுவோருக்கு நான் பரிந்துரைப்பது உசிலிதான்.

ஒரு நடுத்தரப் பூவுக்கு ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு சரியாக இருக்கும். பருப்பை 4 அல்லது 5 காய்ந்த மிளகாயுடன் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். நைசாக அரைத்தால் வெந்தபின் களியாகிவிடும். அதை இட்லித் தட்டில் பரப்பி 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்துக்கொள்ளுங்கள். பிழிந்த பூவை மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கொஞ்சம் நீர் தெளித்துத் தனியாக வேகவையுங்கள். அமுக்கினால் நசுங்கும் பதம் வந்ததும் மிச்ச நீரை வடித்துவிடலாம். வாணலியில் எண்ணெயைச் சற்றுத் தாராளமாகவே விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, முதலில் உதிர்த்த பருப்பைச் சிறுதீயில் மொறுமொறுப்பாக வரும்வரை கிளறி, பிறகு பூவைச் சேர்த்து ஐந்து நிமிடம் பிரட்டி இறக்குங்கள். மோர்க்குழம்போ வற்றல்குழம்போ பக்கத்தில் இருந்தால் போதும்.

வடைக்குக் கடலைப்பருப்பு, பூவைப் பச்சையாகவே பிழிந்து மாவில் சேர்க்கலாம், ஆனால் தட்டுவதற்குச் சற்று முன்னர்தான் சேர்க்க வேண்டும், இல்லையெனில் நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும். கூட்டுக்குப் பாசிப்பருப்பும் தேங்காயும் போதும்.

புளி சேர்க்கும் சமையலில் ஒரு நுணுக்கம் உண்டு. தாவரச் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகுவதில்லை. ஆகவே முதலிலேயே புளிநீரில் போட்டால் பூ நெடுநேரம் விறைப்பாகவே இருக்கும். பூ வெந்தபிறகு புளியைச் சேருங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடுவது அதற்கு நேர் எதிரான தவறு. காரத்தன்மையில் பூ விரைவில் குழைவது உண்மைதான். கூடவே ஃபீனால்கள் இன்னும் வேகமாக ஆக்சிஜனேற்றமடைந்து, பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் வந்துவிடும்.

பங்குனி, சித்திரை வெயிலில் வற்றலும் போடலாம். கொதிநீரில் போட்டெடுத்த பூவை உப்பிட்ட கெட்டி மோரில் ஓர் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் மீண்டும் போட்டு, மோர்மிளகாய் போடுவதைப் போலவே மோர் தீரும்வரை செய்து, சலசலவென்று காய்ந்தபின் எடுத்து வைத்து, வேண்டும்போது பொரித்துக்கொள்ளலாம்.

மத்தியதரைக் கடலோரத்து உறவு

வாழைப்பூவை ஆயும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது கூனைப்பூ எனப்படும் ஆர்ட்டிசோக். தாவரக் குடும்பத்தால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. அது சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது, முள்செடி ஒன்றிலிருந்து மத்தியதரைக் கடல் நாட்டவர் பயிராக்கிக்கொண்டது. இன்று இத்தாலி, எகிப்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் மிகுதியாக விளைகிறது. ஆனால் உண்ணும் முறையில் இரண்டும் உடன்பிறந்தவை போல் இருக்கின்றன: விரியாத மொட்டு, மேலே மடல் மேல் மடலாகச் செதில்கள், நடுவே நீக்க வேண்டிய மயிரிழைகள், அவற்றின் அடியில் உண்ணத்தக்க இளஞ்சதை. அதையும் வெட்டிய கணமே பாலிஃபீனால் ஆக்சிடேஸ் பழுப்பாக்குகிறது; அந்நாட்டுச் சமையலறைகளில் அதை எலுமிச்சை நீரில் போட்டு வைக்கிறார்கள். அங்கும் இரும்புப் பாத்திரத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒரே வேதியியலுக்கு இரண்டு நாட்டு மக்கள் தனித்தனியே ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு எலுமிச்சை கைக்கு எட்டியது, நமக்கு மோர்.

கூனைப்பூவின் ஃபீனால்களில் குளோரோஜெனிக் அமிலமும் சைனரினும் முக்கியமானவை. கூனைப்பூவை உண்டபின் குடிக்கும் வெற்று நீர் சிலருக்கு இனிப்பதற்குச் சைனரினும் குளோரோஜெனிக் அமிலமும் காரணம் என்கிறார்கள். நெல்லிக்காய் தின்று நீர் குடித்தவர்களுக்கு அந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. கூனைப்பூ இலையின் கடுங்கசப்புக்குக் காரணம் சைனரோபிக்ரின் என்னும் வேறொரு பொருள். மாவுச்சத்துக்குப் பதிலாக இந்தச் செடி இனுலின் என்னும் சர்க்கரைத் தொடரைச் சேமித்து வைக்கிறது. அதை நம் சிறுகுடல் செரிப்பதில்லை, பெருங்குடலின் நுண்ணுயிரிகளே உண்கின்றன. முதல் முறை நிறைய உண்பவருக்கு வயிறு உப்புவது அதனால்தான். அதன் நெருங்கிய உறவான கார்டூன் செடியின் பூவிழைகளைக் கொண்டு போர்ச்சுகலில் ஆட்டுப்பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். அந்தப் பூவில் பாற்புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. கூனைப்பூச் செடியின் இலைச்சாறு பித்தநீரைத் தூண்டும் என்று மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. பித்தக்குழாய் அடைப்போ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதை உட்கொள்ளக் கூடாது.

டெல்டாவில் கூனைப்பூவைப் பயிரிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. பல்லாண்டு ரகங்கள் மொட்டு வைக்கச் சில வாரங்கள் நல்ல குளிர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் தேங்கும் நம் களிமண்ணில் அதன் வேர் அழுகிவிடும். நகரத்துக் கடைகளில் கிடைத்தால் வாங்கி, மேற்சொன்ன வாழைப்பூப் பக்குவத்தையே சிறிது மாற்றிச் செய்து பார்க்கலாம். வாழையைப் பற்றிய ஐயங்களுக்கோ, 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நமக்கு அருகில் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது.

உடலுக்கு

வாழைப்பூவில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைய உண்டு என்பதில் ஐயமில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது ஏற்ற உணவு. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது வேறு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் விலங்குகளிலும் ஆய்வுக்கூடத்திலும் செய்த சோதனைகள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. சிறுநீரகம் பழுதுபட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வாழைப்பூவையும் தண்டையும் அளவறிந்தே உண்ண வேண்டும்.

இரத்தசோகைக்கு வாழைப்பூ கொடுப்பது நம் ஊர்களில் வழக்கம். இங்கே டானினை மறந்துவிடக் கூடாது. அது தாவர உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். நன்றாகப் பிழிந்த பூவைச் சமைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து உண்டால் வைட்டமின் சி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் வைட்டமின் வீணாகும். கருவுற்ற பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையை இந்த உணவோடு சேர்த்து விழுங்காமல் சற்று இடைவெளி விட்டு உட்கொள்வது நல்லது.

மடல்களை எறிவதற்கு முன்

ஒரு பூவில் பாதி எடை மடலாகவே போய்விடுகிறது என்று வருந்துபவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மடலின் செந்நிறம் அந்தோசயனின் வகை நிறமிகளால் ஆனது. நாவற்பழத்துக்கும் செம்பருத்திக்கும் நிறம் தருபவையும் இந்த வகையே. வெளி மடல்கள் ஐந்தாறைக் கிழித்து, அரை லிட்டர் நன்றாகச் சூடேறிய நீரில் போட்டு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு 20 நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் சிவந்த சாறு கிடைக்கும். கொதிக்கவிட்டால் நிறமி சிதையும். இந்தச் சாற்றைச் சிறு கண்ணாடிக் குவளைகளில் பிரித்து, ஒன்றில் மேலும் எலுமிச்சை, ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த சுண்ணாம்பின் தெளிந்த நீர் என்று விடுங்கள். அமிலத்தில் சிவப்பு பளிச்சிடும். காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறி, சுண்ணாம்பு மிகுந்தால் மஞ்சளுக்குப் போய்விடும். சாற்றில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் தாள் துண்டுகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் லிட்மஸ் தாளுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். படிகார நீரில் ஊறிய பருத்தித் துணியில் இந்தச் சாயம் ஏறும் என்றாலும், வெயிலுக்கும் சோப்புக்கும் நிற்காது. துணிச்சாயமாக நம்பி இறங்க வேண்டாம்.

மிஞ்சிய மடல்களைப் பொடியாக நறுக்கி வைக்கோலோடு கலந்து மாட்டுக்கு வைக்கலாம்; பழகாத மாட்டுக்குச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். எருக்குழியில் போடுவதானால் சாணக் கரைசல் தெளித்துப் போடுங்கள், டானின் இருப்பதால் தனியாகக் கிடந்தால் மட்குவதற்கு நாளாகும். மட்கிய மடல் பொட்டாசியம் நிறைந்த எரு. அதை மீண்டும் வாழையின் அடியிலேயே போட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கைக்குப் பழகிய இரும்பு அரிவாள்மனையில்தான் நறுக்குவேன் என்பவர்கள் இருப்பார்கள், அப்பாயியும் அப்படித்தான். அலகில் படிந்த கருமையைச் சோப்பால் தேய்த்தால் போகாது. குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை உப்போடு சேர்த்து அலகின் இருபுறமும் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்பை டானினிடமிருந்து பிரித்துக் கரைத்துவிடும். பிறகு கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஆயும்போது கையில் தடவ எடுத்த நல்லெண்ணெயில் மிஞ்சியதை அலகில் பூசி வையுங்கள்.